பக்தவத்சலம் போட்ட தங்க முலாம்

மாரெட்பள்ளியில பக்தவத்சலம்னு ஒருத்தன் இருந்தான். குஷாய்குடாவுல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில முலாம் பூசற செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர். ஊரே சாஃப்ட்வேர் ஷேர் வாங்கிட்டு அலைஞ்ச காலம் அது. எதிர்வீட்டு ராமசுவாமி ஷேர்ல சம்பாதிச்சு மாருதி கார் வாங்கினாரு. அந்தக் கார்ல ஒரு தடவைகூட இவங்களை ஏத்தினதில்ல, அது வேற கதை. நாம மட்டும் ஏன் வாடகை வீட்டுலயே சாகணும்னு பக்தவத்சலம் ஒரு முடிவுக்கு வந்தான். கையில காசு இல்ல. பொண்டாட்டி புஷ்பா கழுத்துல தாலிச் செயின் இருந்துது.

நைசா ஆரம்பிச்சான்.

"புஷ்பா, செயின் மங்கிப்போச்சு பாரு. கொடு, மேல ஒரு கோட்டிங் போட்டுத் தரேன்."

"தங்கத்துக்கு மேல எதுக்குங்க தங்கம்?"

"உனக்கென்ன தெரியும்? தேயாது. கீறல் விழாது. வேர்வை பட்டாலும் நிறம் மாறாது."

"அவ்வளவு நல்லதா? அப்ப நீங்களும் ஒண்ணு போட்டுக்கலாமே. கல்யாணத்தப்ப இருந்த நிறம் இப்ப இல்ல."

மஞ்சக் கயித்துல தாலியைக் கோத்துக் கட்டிக்கிட்டு செயினைக் கழட்டிக் கொடுத்தா. அவன் நேரா கடையில வித்தான். ஷேர் வாங்கினான். ஷேர் விழுந்துது. விழுந்தது எழுந்திருக்கவே இல்ல.

இப்ப செயினுக்கு எங்க போவான்? அதே மாதிரி செப்புல ஒண்ணு செய்ய வச்சு, ஊரோட பழைய பகுதிச் சந்துல இர்பான்னு ஒரு பட்டறைக்காரர்கிட்ட கொண்டு போனான். செப்பு மேலயே தங்கத்தை ஏத்திடலாம், வேலை சுருக்கா முடியும்னாரு அவரு. இவன் விடுவானா? தொழில் தெரிஞ்சவனாச்சே.

"நக்கோ பாய், வேணாம். நடுவுல நிக்கல் போடணும். இல்லன்னா அடியில இருக்கற செப்பு மேல வந்து கறுத்துடும்."

பொண்டாட்டியை ஏமாத்தறதுலகூட மட்டமான வேலை செய்ய அவனுக்கு மனசு வரல. நிக்கல் நல்லாத் தடிமனா. தங்கம் மட்டும் மெல்லிசா, அவன் வசதிக்கு அவ்வளவுதான். முடிஞ்சதும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தான். அந்த அழகுல அவனுக்கே கண்ணு கலங்கிச்சு.

கார்த்திகைக் கடைசியில தாலி அந்தச் செயினுக்கு மாறிச்சு. மார்கழி பொறந்ததும் புஷ்பா கழுத்துல செவப்பா ஒரு கோடு. அப்புறம் கொப்புளம். அப்புறம் தண்ணி வடிய ஆரம்பிச்சுது.

நிக்கல் சில பேர் தோலுக்கு ஆகாது. அது அவனுக்கு நல்லாவே தெரியும். அவன் செக்‌ஷன்லயே ஒருத்தருக்கு கை பூரா வெடிச்சு, ஸ்டோர்ஸுக்கு மாத்தினாங்க. தெரிஞ்சு என்ன, வெளியில சொல்ல முடியுமா?

"குளிருல தோலு வறண்டிருக்கு"ன்னான். போய் ஒரு ஆயின்மென்ட் வாங்கிட்டு வந்தான். "செயினைக் கழட்டிடேன் புஷ்பா."

"கழட்டலாம். கழட்டினா உங்களுக்குல்ல ஆகாது."

"சரி, கயித்துக்கு மாத்திக்கோ."

"மார்கழியில தாலி மாத்துவாங்களா? தை பொறக்கட்டும். அதுவரைக்கும் நீங்க உயிரோட இருக்க வேணாமா?"

இந்த இடத்துல லாலாகுடா கனகத்தைப் பத்திச் சொல்லியாகணும். ரயில்வே குவார்ட்டர்ஸ்காரி, புஷ்பாவுக்கு உயிர். ஒரு தடவை எக்ஸ்ரே எடுக்கணும்னு தாலியைக் கழட்டிப் புருஷன் கையில கொடுத்தா. அன்னிக்கு சாயங்காலமே அந்த மனுஷன் சைக்கிளோட சாக்கடையில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாரு. கள்ளுக்கடையிலேர்ந்து வர்ற வழிதான் அது. ஆனாலும் பழி எக்ஸ்ரே மேலதான். அதுலேர்ந்து இந்த ரெண்டு பேரும் தாலி விஷயத்துல விட்டுக் கொடுக்கறதே இல்ல. சரி, புண்ணுக்கு வருவோம்.

புண்ணு ஆறல. முந்தானை அதுல ஒட்டிக்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பிச்சு எடுப்பா. திரும்பணும்னா கழுத்தைத் திருப்பாம உடம்போட திரும்புவா. அவ சோறு போடும்போது பக்தவத்சலம் தட்டையே பார்ப்பான், நிமிரமாட்டான். மருந்து தடவும்போது கண்ணை மூடிக்குவான்.

"ஏன் கண்ணை மூடறீங்க?"

"மருந்து நெடி."

தை பொறந்துது. புஷ்பா மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டு, செயினைக் கொண்டாந்து அவன் முன்னாடி வச்சா. கனகமும் பக்கத்துல உட்கார்ந்திருந்தா.

"ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தோம். சில பேருக்குத் தங்கமே ஒத்துக்காதாம்."

பக்தவத்சலத்துக்கு அப்பதான் மூச்சே வந்துது. "ஆமாமா. நானும் படிச்சிருக்கேன்."

"அதான், கனகம் அக்கா தன் பொண்ணு கல்யாணத்துக்கு இதை எடுத்துக்கறாங்க. கடையில உரசிப் பார்த்து, அவன் சொல்ற விலையைக் கொடுத்துடுவாங்க."

"உரசியா?"

"ஏன் தம்பி, உரசினா தேஞ்சா போயிடும்?"ன்னா கனகம். "நீங்கதான் மேல கோட்டிங் போட்டிருக்கீங்களாமே."

"அதில்லக்கா. தெரிஞ்சவங்களுக்குள்ள நகை வித்தா உறவு கெட்டுடும். நானே வெளியில வித்துத் தரேன்."

"அதுவும் சரிதான்"னா புஷ்பா. "இன்னிக்குத் தங்க விலைக்குக் குறைச்சுடாதீங்க."

மாமனார் போட்ட மைனர் செயின் போச்சு. மோதிரம் போச்சு. அதுவும் பத்தாம ஸ்கூட்டர் போச்சு. வண்டி ரிப்பேர்னு வீட்டுல சொல்லிட்டு, பஸ்ல தொங்கிக்கிட்டு குஷாய்குடா போனான். அந்தச் செப்புச் செயினைத் தூக்கிப் போட மட்டும் கை வரல. அவ்வளவு நல்ல வேலை. ஆபீஸ் டிராயர்ல வச்சுப் பூட்டினான்.

தை முடியறதுக்குள்ள பணத்தைக் கொண்டாந்து புஷ்பா கையில கொடுத்தான். மறுநாள் சாயங்காலம் பஸ்ல நசுங்கி வீட்டுக்கு வந்தா, அவ கழுத்துல புதுச் செயின். தழும்பு மேல படுத்துக்கிட்டு மின்னுது.

"தங்கம் ஒத்துக்காதுன்னு டாக்டர் சொன்னாருன்னியே?"

"எந்த டாக்டரு? கனகம் அக்கா வீட்டுல டீ குடிச்சுட்டு வந்தேன்."

பக்தவத்சலம் அப்படியே சேர்ல உட்கார்ந்தான். "உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க கொண்டாந்து கையில கொடுத்தப்பவே. தங்கம் கனக்கும்ங்க. அது காத்து மாதிரி இருந்துது."

"தெரிஞ்சுமா மாசம் பூரா போட்டுக்கிட்டிருந்தே? கழுத்தே வெந்து போச்சே."

புஷ்பா குனிஞ்சு, பஸ்ல கசங்கின அவன் சட்டைக் காலரை நீவி விட்டா.

"நீங்களா வாயைத் தொறப்பீங்கன்னு பாத்தேன். நீங்க ஆயின்மென்ட்டைத்தான் தொறந்தீங்க."