ஒரு வாளித் தண்ணீரும் நாலு வயிறும்

மேசையின் தலைப்பக்கம் மேலாளர். மின்விசிறிக்கு நேர் கீழே கிடங்குக்காரர், காற்றெல்லாம் அவருக்கே. எதிரே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டச்சு அக்கா. வாசலோர முக்காலியில் ஓட்டுநர். கணக்கருக்கு மட்டும் இடமில்லை. அவருடைய நாற்காலியில் ஒரு வாளி குளத்துத் தண்ணீர் உட்கார்ந்திருந்தது.

போன வருடம் அலுவலகமே சேர்ந்து மலையேறியபோது, பாதி வழியில் இந்த நாலு பேருக்கும் வயிற்றுவலி. ஓடைத் தண்ணீர்தான் காரணம் என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கணக்கர் வயிறு மட்டும் கல்லாட்டம் இருந்தது. உச்சி கண்ணுக்குத் தெரிந்தும், ஒவ்வொருவரையும் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார். அன்றிலிருந்து அந்த உச்சி அவரைத் தூங்கவிடவில்லை.

"தண்ணிய சுத்தம் பண்ண ஒரு வழி சொல்லுங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் இந்த வருஷம் மலை" என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"முதல்ல, கொதிக்க வைக்கிறது" என்று கணக்கர் மின்சாரக் கெட்டிலைச் சொருகினார். பட்டென்று ஃபியூஸ் போனது. மின்விசிறி நின்றது.

"மலையில கரண்டுக்கு எங்கண்ணே போறது?" என்றார் வியர்த்துப்போன கிடங்குக்காரர்.

"அங்க விறகு இருக்குப்பா."

"நனைஞ்சிருந்தா?"

கணக்கர் ஒரு லிட்டர் தண்ணீரை மொண்டு வைத்து, குளோரின் மாத்திரைக்குத் தாவினார். ஒரு லிட்டருக்கு ஒன்று போதும். எதற்கும் இருக்கட்டுமென்று மூன்று போட்டார். நேரம் ஆனதும் தட்டச்சு அக்கா முகர்ந்து பார்த்தார்.

"இதைக் குடிக்கணுமா, தரையைத் துடைக்கணுமா?"

அடுத்து வடிகட்டிப் பை. குளத்துத் தண்ணீரை நிரப்பிப் பிழிந்தார், ஒரு சொட்டு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்தார். பை வாயைப் பிளந்தது. மேலாளரின் வெள்ளைச் சட்டையில் பாசியோடு ஒரு குட்டிக் குளம் வந்து சேர்ந்தது.

"யோவ், இது வடிகட்டியா, பீச்சாங்குழலா?"

"மன்னிச்சிடுங்க சார். கடைசியா இந்த பேட்டரி புறஊதா விளக்கு. தண்ணிக்குள்ள விட்டுச் சுத்தினா கிருமியெல்லாம் செத்துரும்."

"செத்தது எங்கண்ணே போகும்?" என்றார் அக்கா.

"எங்க போகும்? தண்ணியிலதாம்மா கெடக்கும்."

"அப்ப அந்தப் பொணத்தையெல்லாம் நாங்க குடிக்கணும்!"

"நான் சுத்த சைவம்யா" என்றார் மேலாளர் அவசரமாக.

கணக்கர் வாளியையே வெறித்துப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று ஒரு தாளை எடுத்து, மலையடிவார விடுதிக்காரருக்கு எழுதி, உரக்கப் படித்தார்: "கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் எல்லோருக்கும் போதுமான அளவு வேண்டும். உச்சிவரை சுமந்துவர இரண்டு ஆட்களும் வேண்டும். செலவு என்னுடையது."

குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று கிடங்குக்காரர் விட்டத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் யோசிக்கலாமே" என்றார் மேலாளர், ஈனஸ்வரத்தில்.

கணக்கர் யோசிக்க விடவில்லை. உறையை ஒட்டி ஓட்டுநர் கையில் திணித்து, வாசல்வரை கூடவே போனார்.

"தபால் பெட்டியில போட்டுட்டுத்தான் மறுவேலை!"

ஓட்டுநர் படியிறங்கி, தெருமுனைப் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே கணக்கரிடம் திரும்பி வந்தார்.

"போட்டாச்சு சார். ஆனா, போன வருஷம் அந்த ஓடைத் தண்ணிய உங்களைத் தவிர யாரும் வாயிலயே வைக்கலியே. மீதி மலைய நிமிந்து பாத்ததும்தான் எங்களுக்கெல்லாம் வயிறு வலிச்சுது!"