மேல்தொட்டிக்கு ஜெயமணி செய்த பெட்டி

மூக்கண்டப்பள்ளி,
12-8-1997.

மதிப்பிற்குரிய மச்சான் வெங்கடப்பன் அவர்களுக்கு தீர்த்தகிரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை மாரம்மாவும் சுகம். நாகரசம்பட்டியில் வீடும் மாந்தோப்பும் சுகமென நம்புகிறேன்.

"பொம்பளப் புள்ளைக்கு எலக்ட்ரானிக்ஸ் எதுக்கு?" என்று முன்பு கேட்டீர்கள். எங்கள் மகள், உங்கள் மருமகள் ஜெயமணி இப்போது சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் சிப்புக்குள் புரோகிராம் ஏற்றுகிறாள். சிப் என்பது மரவட்டை போலக் கால்கள் உள்ள கறுப்பு வில்லை. ஏற்றியது கரண்ட் போனாலும் மறக்காது.

எங்கள் லைன் வீடுகளுக்கு ஒரே மேல்தொட்டி. மோட்டாரை யார் போடுவது, யார் நிறுத்துவது என்று ஓயாத சண்டை. மோட்டார் தானாக ஓடி நிற்க ஜெயமணி ஒரு பெட்டி செய்தாள். வீட்டுக்காரர் கோவிந்தப்பனைத் தளியிலிருந்து வரவழைத்து, தேங்காய் உடைத்து, சாமந்தி மாலை போட்டேன், பெட்டிக்கு. தொட்டி காலி, மோட்டார் அசையவில்லை, சரியென்று நாங்களே சுவிட்சைப் போட்டு நிரப்பினால், நிரம்பிய பிறகு பெட்டி விழித்துக்கொண்டு ஓட்டத் தொடங்கிற்று பாருங்கள், நிறுத்தவே முடியவில்லை, தண்ணீர் வழிந்து, பக்கத்து வீட்டு அழகர்சாமி மாடியில் காயவைத்த மிளகாயை வாரிக்கொண்டு கோவிந்தப்பன் தலையில் இறங்கிற்று.

"என்னண்ணே, ஒங்க சிப்பு தலைகீழா யோசிக்குது?" என்றான் மதுரைக்காரன் அழகர்சாமி.

கோவிந்தப்பன் கன்னடத்தில் ஆரம்பித்து, "மொதல்ல அத்தக் கழட்டுப்பா!" என்று தமிழில் முடித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஜெயமணி கலங்கவில்லை. "தப்பு என்னுதுதாம்ப்பா. காலிங்கறதையும் நெறைஞ்சதுங்கறதையும் மாத்தி எழுதிட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"புதுச் சிப் வாங்கணுமா?"

"வேணாம்ப்பா. பழைய சிப்புன்னா அழிக்கறதுக்கு ஊதா வெளிச்சத்துல வெச்சுக் காத்துக் கெடக்கணும். இது ஃபிளாஷ். கரண்டுலயே சட்டுனு அழிச்சிட்டு, இதுலயே மறுபடி எழுதிக்கலாம்."

மறுநாளே எழுதிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து ஒரு சொட்டு வழியவில்லை, தொட்டி காயவுமில்லை. பெட்டியில் பச்சை விளக்கு எரிகிற அழகே தனி. தினமும் என் ஷிப்ட் முடிந்ததும் ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்து காட்டுகிறேன். அழகர்சாமியே தன் மகளிடம், "படிச்சா ஜெயமணி மாதிரி படிக்கணும்" என்றான். வரும் ஞாயிறு ஊர்ப் பெரியவர்களோடு நீங்களும் அவசியம் வந்து பார்க்க வேண்டும்.

சென்னம்மா தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. சந்திரசூடேஸ்வரர் துணையிருப்பார்.

இப்படிக்கு,
தீர்த்தகிரி

பி.கு.: ஞாயிறு வர வேண்டாம். உறை ஒட்டும்போதுதான் மாரம்மா சொல்கிறாள்: மறுபடி மாட்டும்போதே சிப்பின் ஒரு கால் ஒடிந்துவிட்டதாம், வேறு சிப் பெங்களூரிலிருந்து வர வேண்டுமாம். பச்சை விளக்கு வெறும் விளக்குதானாம். "அப்பா ஆளுங்களக் கூட்டியாந்து பெருமப்படறாரு, எப்படிம்மா சொல்றது?" என்று ஜெயமணி அழுதாளாம். இத்தனை நாளும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தை வைத்தே மோட்டாரைப் போட்டு நிறுத்தியது உங்கள் தங்கை. ஒரு சொட்டும் வழியாத பெருமை, மச்சான், உங்கள் குடும்பத்தைச் சேரும்.