கலவை இன்னும் சரியாகவில்லை

விதைக்கிறவர்கள் ஒரு ஜாதி, விதைக்காதவர்கள் இன்னொரு ஜாதி. இரண்டிலும் சேராமல், ஆயுள் முழுக்க மண்ணைக் கலந்துகொண்டே இருக்கும் மூன்றாவது ஜாதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் மாடிவீட்டு வங்கி மேலாளர் அதில் முதல்தரம்.

மகள் வெளியூரிலிருந்து ஒரு பொட்டலம் மேப்பிள் மர விதை அனுப்பியிருந்தாள். "போன்சாய் வளர்க்கணும்னு சொல்லிட்டே இருப்பீங்களேப்பா. நான் வரும்போது ஒண்ணாவது முளைச்சிருக்கணும்."

மனிதர் உடனே விதைத்தாரா? ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்து, தேங்காய் நார்த்தூளைக் கலந்து, தண்ணீர் தேங்குகிறதே என்று செங்கல் தூளைச் சேர்த்து, இப்போது தேங்கவே மாட்டேன் என்கிறதே என்று மறுபடி நார்த்தூளைக் கொட்டி, பூஞ்சை வரும் என்று யாரோ பயமுறுத்தியதால் அத்தனையையும் ஓவனில் வேகவைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, கட்டிலுக்கடியில் வாளி வாளியாக ஆறவைத்தார். படுக்கையில் மண். சப்பாத்தியில் மண். விதை மட்டும் பொட்டலத்தில்.

"எப்பதாங்க போடப் போறீங்க?" என்பார் மனைவி.

"கலவை இன்னும் சரியா வரலம்மா."

ஒருநாள் மனைவி வாளிகளை நகர்த்தும்போது பொட்டலம் கைதவறி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் கிடந்த பழைய தேய்ப்பு நாரில் கொட்டிவிட்டது. அம்மாள் அதை அப்படியே விட்டுவிட்டார். சில வாரங்களில் அந்த ஈர நாரிலிருந்து ஒரு முளை, இரண்டு இலையோடு நிமிர்ந்து நின்றது.

மேலாளர் மண்டியிட்டுப் பார்த்தார். சந்தோஷப்பட்டாரா? முகம் தொங்கிப்போயிற்று.

"இதுல முளைக்கக் கூடாதே," என்றார். "பிடுங்கி நம்ம கலவையில வச்சாத்தான் முறை."

"கைய வச்சீங்க, நான் மக வீட்டுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

முளை பிழைத்தது. வீட்டுக்கு வந்த மகள், ஜன்னலோரம் நாரோடு நின்ற செடியைப் பார்த்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பா எங்கே? குளியலறையில். கடையிலிருந்த தேய்ப்பு நார் அத்தனையையும் வாங்கிவந்து, உட்கார்ந்து பொடிப்பொடியாகக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் வந்துட்டேன். வெளிய வாங்க."

"ரெண்டே நிமிஷம்மா. இதுல சோப்பு எத்தனை பங்குன்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

மகள் ஊர் திரும்பும் நாளில்தான் அவர் வெளியே வந்தார். கலவை அப்போதும் சரியாகவில்லை.

சிரித்தது போதும். இதோ ஆரம்பிக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்களே ஒரு வேலை, அதற்குத் தோதான நாற்காலி கிடைத்துவிட்டதா?