ஏரிக்கரை கிளப்புக்கு நான் டீ சொன்ன கதை

பேசாமல் இருப்பவனைக் கண்டால் ஊருக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. உள்ளே ஏதோ பெரிய யோசனை ஓடுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் விஷயத்தில் உள்ளே ஒன்றும் ஓடவில்லை. ஓடியிருந்தால் எங்கள் கிளப் பிழைத்திருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் நான் கலாசி. இரும்பு தூக்குகிற வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஞாயிற்றுக்கிழமையானால் ஏரிக்கரை கிளப்பின் ஃபுட்பால் ஆட்டத்துக்குப் போய்விடுவேன். எனக்கு ஆடத் தெரியாது. கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போடுவேன். சந்தா கட்டியதால் மெம்பர்.

செம்பாக்கம் ஏரி வற்றினால் ஏரிக்குள்ளேயே ஆட்டம். தண்ணீர் வந்தால் மேட்டுக்கு ஏறிவிடுவோம். பட்டணத்து லீக்கில் கடைசிக்கு முந்தின டிவிஷனில் இருந்தோம். பனியனை நீலச் சாயத்தில் முக்கி எடுத்தால் அதுதான் ஜெர்சி. மழையில் ஆடினால், ஆட்டம் முடியும்போது ஜெர்சி வெள்ளை, ஆள் நீலம்.

கிளப்பை ஓட்டியவர் வரதன் அண்ணன். மாடு வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். கிளப்பை ஆரம்பித்தது அவர் தம்பி. தம்பி மஞ்சள் காமாலையில் போனபிறகு அண்ணன் அதைத் தன் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார். (நம் கோல் எது, எதிராளி கோல் எது என்பதே அவருக்கு வெகுநாள் பிடிபடவில்லை. பந்து எந்தப் பக்கம் போனாலும் கை தட்டுவார்.) அந்த வருஷம் லீக்குக்குக் கட்டப் பணம் இல்லை. ஒரே கன்றுக்குட்டி இருந்தது. விற்றுக் கட்டினார்.

அடுத்த வருஷத்துக்கு விற்கக் கன்று இல்லை. அப்போதுதான் பல்லாவரத்தில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்த முதலாளி ஆள் அனுப்பினார். கிளப்பை அவர் எடுத்துக்கொள்கிறார். பூட்ஸ், பந்து, ரயில் செலவு எல்லாம் அவருடையது. ஆடுகிறவர்களுக்கு ஷாப்பில் நிரந்தர வேலை. ஆனால் பெயர் கம்பெனி பெயராகிவிடும். மைதானமும் பல்லாவரம். குரோம்பேட்டை கிளப் ஒன்றும் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் தானே வருவதாகவும், அன்றே பதில் வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார்.

செக்ரட்டரி ஜேம்ஸ் சார். அவர் வேலை பார்த்த ஆரம்பப் பள்ளியில் கூட்டம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரிய ஆட்கள் முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலாளியின் கார் வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. அவர் உள்ளே வரவில்லை. நீங்கள் பேசி முடியுங்கள் என்று காரிலேயே இருந்துவிட்டார்.

யார் தலைமை என்பதிலேயே தகராறு. ஜேம்ஸ் சார் கொடுத்துவிடலாம் என்கிற கட்சி. வரதன் அண்ணன் கூடாது என்கிற கட்சி. கடைசியில் அண்ணன்தான் சொன்னார்.

"கோபாலு உக்காரட்டும். அவன்தான் எந்தப் பக்கமும் வாயத் தொறக்கல."

என்னைப் பிடித்து வாத்தியார் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே மேஜை. மேஜைமேல் பிரம்பு. (பள்ளிக்கூட நாட்களில் அந்தப் பிரம்பின் அடுத்த முனையில்தான் நான் இருந்திருக்கிறேன்.)

ஜேம்ஸ் சார் எழுந்தார். "நமக்குப் பணம் இல்ல. எதிர்காலமும் இல்ல. பேர் போனா போகட்டும், டீம் இருக்கும்."

"பேரு எங்க சார் போவும்?" என்றார் வரதன் அண்ணன்.

"சட்டையில பின்னாடி சின்னதா போட்டுக்கலாம்."

"தோத்துட்டு ஓடியாரப்ப மட்டும் தெரியும்."

சிரித்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவர், "பல்லாவரம் போயிட்டா ஏரிக்கரைன்னு எப்பிடிச் சொல்றது? அங்க கல்லுக் குவாரிதானே கீது?" என்றார். இன்னொருவர், "தோல் நாத்தத்துல எதிராளி மூச்சு வுட முடியாம தோத்துருவான்பா" என்றார். "நீ மட்டும் மூக்க வூட்ல வெச்சுட்டு ஆடுவியா?" என்று பதில் வந்தது.

அப்போது எத்திராஜ் எழுந்தான். எங்கள் லெஃப்ட் அவுட், இடது ஓரம் ஓடுகிற ஆட்டக்காரன். என் சிநேகிதன். கட்டட வேலையில் செங்கல் சுமப்பவன். அவன் எழுந்ததும் சிரிப்பு நின்றது.

"அண்ணே, எனக்குத் தோள்பட்ட போயிட்டு கீது. இன்னும் ரெண்டு வருசம் ஓடுவேன். அப்பால எவன் என்னைக் கூப்ட்டு வேலை குடுப்பான்? பந்து ஆடறேன்னுதான் இவரு குடுக்கறாரு. இத்த வுட்டா எனக்கு வேற வழி இல்ல."

வரதன் அண்ணன் அவன் பக்கம் திரும்பினார்.

"உனக்கு வேலை வேணாம்னு சொல்லல எத்தி. என் தம்பி செத்தப்போ அந்த நீல பனியனப் போட்டுத்தான் தூக்கினு போனோம். அத்த எப்பிடிடா தோல் ஷாப்புக்கு எழுதிக் குடுப்பேன்?"

கை தூக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கம் எத்தனை கையோ அந்தப் பக்கமும் அத்தனை. தலைவர் சொல்வதே முடிவு என்றார் ஜேம்ஸ் சார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொடுத்துவிடலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரதன் அண்ணன் முகம் தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பினால் எத்திராஜ். நான் சொன்னது இது:

"வந்தவரு வெறும் வயித்தோட கார்ல உக்காந்துகினு கீறாரு. ஒரு டீ குடுத்துட்டு சொல்லலாம்."

அப்படி ஒரு நிம்மதியை நான் அந்தக் கூட்டத்தில் அதுவரை பார்க்கவில்லை. "தலைவர் சொல்றது சரி. மொதல்ல மரியாதை" என்று இரண்டு கட்சியும் எழுந்துவிட்டது.

டீக்கடை ஞாயிறு மதியம் மூடியிருந்தது. பக்கத்தில் ஜேம்ஸ் சார் வீட்டில் டீத்தூள், சர்க்கரை, ஸ்டவ் எல்லாம் இருந்தது. பால் இல்லை. பால் என்றால் வரதன் அண்ணன்தான். கிளப்பை வாங்க வந்தவருக்கு டீ போட, விற்காதே என்றவர் சொம்பை எடுத்துக்கொண்டு தன் மாட்டுக் கொட்டகைக்குப் போனார். வந்தவர் வந்தவர்தான் என்றார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

மாடு பால் விடவில்லை. கன்றை விற்றதிலிருந்து அதற்கு அந்தப் பிடிவாதம். சாக்கில் வைக்கோல் திணித்து நாலு கால் கட்டிய பொய்க் கன்று ஒன்று வைத்திருந்தார். அதை முகத்துக்கு நேரே காட்டினால்தான் மாடு கொஞ்சம் இரங்கும். அன்றைக்குக் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு அதுவும் இல்லை. எத்திராஜ் அந்தச் சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாட்டின் முன்னால் மண்டியிட்டான். "தாயீ, கொஞ்சம் வுடு தாயீ" என்று கெஞ்சினான். எல்லாரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

அரைச் சொம்பு பாலோடு திரும்பினோம். வேப்பமரத்தடி காலியாக இருந்தது. பள்ளிக்கூடக் காவல்காரர் சொன்னார். "டிரைவர் வந்து எல்லாரும் எங்கன்னு கேட்டாரு. மாட்டாண்ட போயிருக்காங்கன்னேன். ஒரு பதில் சொல்றதுக்கு மாட்டையும் கேக்கணுமான்னு மொதலாளி கேட்டாராம். வண்டிய எடுத்துட்டாங்க."

அந்த வாரமே அவர் குரோம்பேட்டை கிளப்பை எடுத்துக்கொண்டார். அன்றைய டீயை நாங்களே குடித்தோம். கறந்த பாலை வீணாக்க முடியாதே.

அடுத்த வருஷம் கட்டணம் கட்டவில்லை. லீக்கில் எங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். பெயரும் போயிற்று, டீமும் போயிற்று. என்னை ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் எதையாவது சொல்லி முடித்திருப்பேன்.

எத்திராஜ் பம்பாய்க்கு மூட்டை தூக்கப் போனான். தாம்பரம் ஸ்டேஷனுக்கு நான் போனேன். அவன் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"தலைவரே, வண்டி வர்றதுக்கு நேரம் கீது. டீ சொல்லு" என்றான்.

சொன்னேன். குடித்தோம். முதலில் இரண்டு கடிதம் போட்டான். பிறகு இல்லை.

இந்தக் கதை என் மனைவிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பின்னாளில் எங்கள் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் என் பக்கம் திரும்பி "நீங்க என்ன சொல்றீங்க" என்று கேட்ட உடனே, உள்ளிருந்து டீ வந்துவிட்டது. "அவரு அதான் சொல்ல வராரு" என்றாள். வந்தவர்களுக்குப் புரியவில்லை. என் பிள்ளைகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். இன்றுவரை வீட்டில் எனக்குப் பெயர் தலைவர்தான்.

வரதன் அண்ணன் படுக்கையில் விழுந்தபோது பார்க்கப் போனேன். மாடு இல்லை. கொட்டகையில் வாடகைக்கு ஆள் இருந்தது. கட்டில் ஓரம் உட்கார்ந்து சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்கு குடுத்துடலாம்னுதான் சொல்ல வந்தேன்."

"தெரியும்" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"நீ சொல்லியிருந்தா நான் சரின்னுட்டு இருப்பேன்டா. எத்தி பக்கம்தான் நாயம்னு எனக்கும் மொதல்லயே தெரிஞ்சுது. என் வாயால சொல்ல முடியல. அதுக்குத்தான் உன்னை உக்கார வெச்சேன்."

பிறகு மருமகளைக் கூப்பிட்டார். "தலைவர் வந்து கீறாரு. ஒரு டீ போடும்மா."

டீ வந்தது. சர்க்கரை இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.