பச்சைமுத்துவின் வெயில் சமையல்

ஒரு காட்டில், அதாவது தென்துருவத்துப் பாறை ஒன்றின்மேல் விரல் உயரத்துக்கு மேல் எதுவுமே வளராத ஒரு காட்டில், பச்சைமுத்து என்றொரு பாசி வாழ்ந்துவந்தது. மரம் என்ற ஒன்றை அது பார்த்ததே கிடையாது. அதனால் தன் கூட்டத்தைக் காடு என்று சொல்லிக்கொள்ள அதற்குக் கூச்சமும் கிடையாது.

குளிர்காலம் வந்தால் பச்சைமுத்து உடம்பிலுள்ள ஈரத்தையெல்லாம் விட்டுவிட்டு, காய்ந்த சருகுபோல் உறைந்து தூங்கிவிடும். அப்படித் தூங்கி எழுந்த ஒரு நாள், தலைமாட்டில் ஒரு பெங்குவின் நின்றது. குடியிருப்புக் கண்காணிப்பாளர் வெள்ளைச்சாமி. அதன் இறக்கை இடுக்கில் ஒரு கட்டுப் படிவமும் ஒரு வெப்பமானியும் இருந்தன.

"நீ செத்து எட்டு மாசம் ஆச்சு," என்றது வெள்ளைச்சாமி. "மூச்சு விட்டதாப் பதிவே இல்ல. இந்த இடத்தைக் கூடு கட்ட ஒதுக்கியாச்சு. நாளைக்கு வந்து சுரண்டிடுவாங்க."

பச்சைமுத்துவுக்குப் பகீரென்றது. எழுந்து வேறு பாறைக்குப் போக அதற்குக் காலா இருக்கிறது?

"ஐயா, நான் சாகலீங்க, தூங்கினேன். இப்பகூட சமையல் நடந்துக்கிட்டிருக்குங்க."

"என்ன சமையல்?"

"வெயில் சமையலுங்க. வெளிச்சம், கொஞ்சம் தண்ணி, காத்துல இருக்கிற கரியமில வாயு. இது மூணும் இருந்தா என் சாப்பாட்டை நானே பண்ணிக்குவேன்."

வெள்ளைச்சாமி வெப்பமானியைக் காற்றில் நீட்டிப் பார்த்தது. "பூஜ்யத்துக்குக் கீழ நாலு டிகிரி. இந்தக் குளிர்ல யாரும் சமைக்க முடியாதுன்னு விதி ஏழு சொல்லுது. தண்ணியே கல்லாக் கிடக்கு. யார்கிட்ட கதை விடற?"

"வெளிய அளந்தா எப்படிங்க? என் போர்வையை விலக்கி உள்ள வெச்சுப் பாருங்க."

பச்சைமுத்துவின்மேல் மெல்லிய பனித்தகடு ஒன்று கண்ணாடிபோல் மூடியிருந்தது. வெயில் அதன் வழியே உள்ளே வரும், குளிர்காற்று வராது. பச்சைமுத்துவோ கருமை ஏறிய பச்சை. விழுந்த வெயிலை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தச் சூட்டில் ஓரத்துப் பனி உருகிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் கிடைக்கும்.

வெள்ளைச்சாமி தகட்டை விலக்கி வெப்பமானியைச் செருகியது. பன்னிரண்டு டிகிரி! தட்டிப் பார்த்தது. அப்போதும் பன்னிரண்டு. சந்தேகம் தீர ஒரு காலை வைத்துப் பார்த்தது. அப்புறம் மறுகாலையும் வைத்தது. அதன் முகமே மாறிப்போயிற்று.

"அப்ப உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"அவசரப்படாத. இது தீர ஆராய வேண்டிய விஷயம்," என்று சொல்லிக்கொண்டே வெள்ளைச்சாமி பச்சைமுத்துவின்மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டது. கோப்பில் 'நேரடி ஆய்வு நடைபெறுகிறது' என்று எழுதியது. ஆய்வு நடக்கும் இடத்தை யாரும் சுரண்டக் கூடாது என்பது விதி எட்டு. மறுநாள் சுரண்ட வந்தவர்கள் படிவத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"ஐயா, வெளிச்சத்தை மறைக்கிறீங்க!"

"மனுவாக் குடு."

பட்டினிதான் என்று பச்சைமுத்து பயந்தது. ஆனால் அங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை. ஆகவே வெள்ளைச்சாமியின் மதியச் சாப்பாட்டு இடைவேளைக்கும் முடிவில்லை. கடலுக்கு மீன் பிடிக்கப் போனால் திரும்ப நாளாகும். அது போனதும் புதுப்பனி விழுந்து, மறுபடி கண்ணாடித் தகடாக இறுகி மூடிக்கொள்ளும். பச்சைமுத்து மும்முரமாகச் சமைக்கும்.

வந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் வெள்ளைச்சாமி எச்சம் போட்டது. "என்னங்க ஐயா இது!" என்று முதல்நாள் பச்சைமுத்து அலறியது. இரண்டாம் வாரம் அலறவில்லை. மீன் தின்ற உடம்பின் உரமல்லவா! மூன்று வருஷத்தில் விடவேண்டிய தளிர் ஒரே கோடையில் தழைத்துவிட்டது.

கோடை முடிந்து கிளம்பும்போது வெள்ளைச்சாமி கடைசிப் பக்கத்தை எழுதியது: 'உயிர் இருப்பது உறுதியாகவில்லை. மேலும் ஓராண்டு உட்கார்ந்து ஆராயப் பரிந்துரைக்கிறேன்.'

"நல்லபடியா வாங்க ஐயா, வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு வாங்க," என்று வழியனுப்பியது பச்சைமுத்து.

நீதி: அதிகாரி தலையில் ஏறி உட்கார்ந்தால் கலங்காதே, கையெழுத்துப் போடாவிட்டாலும் வேறு ஏதாவது போட்டுவிட்டுத்தான் போவார்.