முதுகு சாரும் மாரிமுத்துவின் மஞ்சள் கடிகாரமும்

கடவுளே கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியிருந்தாலும், முதுகு சார் அதைக் கழற்றச் சொல்லி, புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் விட்டிருப்பார்.

அவர் எங்கள் கஸ்டம்ஸ் ஆபீசில் மதிப்பீட்டாளர். மலேயாவிலிருந்து வரும் கப்பல் கடலில் நிற்கும்; பயணிகள் தகரப்பெட்டியும் தலைச்சுற்றலுமாகப் படகில் கரைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வதைப் படிவத்தில் எழுதுவது என் வேலை. அவர்கள் சொல்லாததையும் எழுதுவது என் திறமை. கொண்டுவந்த கடிகாரம் எந்த வகுப்பு என்று தீர்மானிப்பது முதுகு சாரின் வேலை. தங்கக் கூடு என்றால் உயர்ந்த வகுப்பு. தீர்வை, கட்டுப்பாடு, மெட்ராஸுக்குக் கடிதம் என்று ஆயிரம் வில்லங்கம். மற்றதெல்லாம் சாதாரண வகுப்பு. பயணி கையில் ஒன்று கட்டிக்கொண்டு போனால் கேள்வியே கிடையாது.

யார் கடிகாரத்தை நீட்டினாலும் அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். "மூஞ்சி பொய் சொல்லும்யா. முதுகக் காட்டு" என்பார். பிறகு பின்மூடியைத் தன் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு டாக்டர் பார்ப்பது போலிருக்கும். அப்போது ஆபீசில் ஃபேனைக்கூட நிறுத்திவிடுவோம். கண்ணைத் திறந்து அவர் சொன்ன உலோகம், எனக்குத் தெரிந்து ஒருமுறைகூடத் தப்பியதில்லை. நானும் ஒருநாள் யாரும் இல்லாதபோது ஒரு கடிகாரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். டிக் டிக் என்று கேட்டது. அவ்வளவுதான்.

புதிதாக வந்த சூப்பரின்டென்டென்ட் கை குலுக்கக் கை நீட்டியபோது, முதுகு சார் அந்தக் கையை விட்டு, கடிகாரம் கட்டிய கையைப் பிடித்து, வாரைத் தளர்த்தி, பின்மூடியை விரல்விட்டுத் தடவிவிட்டு, "பித்தளைக்கு மேல பூச்சு. வேர்வையில ஓரம் உரிய ஆரம்பிச்சிடுச்சு சார். வணக்கம்" என்றார். மாமனார் போட்ட கடிகாரமாம். அந்த வாரம் முழுக்க சூப்பரின்டென்டென்ட் வீட்டில் சமையல் சரியில்லை என்று கேள்வி.

கூத்தாநல்லூரிலிருந்து ஒரு ராவுத்தர், மருமகனுக்கென்று பினாங்கில் வாங்கிய கடிகாரத்தோடு வந்து இறங்கினார். வரவேற்கச் சம்பந்தி வீட்டார் வாசலிலேயே நின்றார்கள். முதுகு சார் கண்ணைத் திறந்து, "முலாம்" என்றார்.

"சார், மெதுவா! சம்பந்தி நிக்கிறாங்க. தங்கம்னே எழுதுங்க. தீர்வைய நான் கட்டிடறேன்."

"நீங்க கட்டுவீங்க. அது தங்கமாயிடுமா?"

தீர்வையைக் குறைக்கச் சொல்லி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டச் சொல்லி அழுதவர் அவர் ஒருவர்தான். இரண்டு சாராரையும் முதுகு சார் ஒரே மாதிரி திருப்பி அனுப்பினார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் மாரிமுத்து வந்து மாட்டினான். மாட்டிவிட்டவன் நான்.

புது ஆட்சி வந்து, குத்தகைக்கு உழுகிறவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் போட்டிருந்த நேரம். தஞ்சாவூர் ஜில்லாவில் வரப்புக்கு வரப்பு தகராறு. மாரிமுத்து ரப்பர் தோட்டத்தில் ஆறு வருஷம் பால் வெட்டிவிட்டுத் திரும்பியிருந்தான். கையில் மஞ்சளாக ஒரு கடிகாரம், தோட்டத்துத் துரை கொடுத்தது. பளபளப்பைப் பார்த்த நான், ஒரு வார்த்தை கேட்காமல், 'தங்கக் கடிகாரம், ஒன்று' என்று அழகாக எழுதிவிட்டேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதுவே பல பேருக்கு வினை.

சூப்பரின்டென்டென்ட் படிவத்தைப் பார்த்தார். "தங்கமா? ஆள உட்கார வையி. வாக்குமூலம் வாங்கணும்."

மாரிமுத்துவுக்கு முகம் வெளுத்தது. "ஐயா, பத்தரை மணிக்கு மன்னார்குடி பஸ்ஸுங்க. ரெண்டு மணிக்குத் தாலுகா ஆபீஸ்ல குத்தகை விசாரணை. அப்பா படுத்த படுக்கையா கெடக்காரு. நான் போயி நிக்கலன்னா நாங்க உழுவுற நெலத்த மிராசுதாரு தன் சொந்தப் பண்ணைன்னு எழுதிக்குவாருங்க. கடிகாரத்த நீங்களே வச்சிக்குங்க, என்னைய விடுங்க."

"எழுதியாச்சேப்பா" என்றார் சூப்பரின்டென்டென்ட். நான் கூரையில் பல்லி தேடினேன்.

ஒன்பதேமுக்காலுக்கு முதுகு சார் முன்னால் கடிகாரம் வந்தது. மாரிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். "தகரம்னு எழுதிடுங்கய்யா, புண்ணியமாப் போவும்."

"நீ சொன்னா தகரமாயிடுமா? இந்த மகானுபாவன் எழுதினா தங்கமாயிடுமா? சும்மா இரு. அது சொல்லட்டும்."

கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடினார். பத்து மணி. நான் மெதுவாக, "சார், பஸ்ஸு..." என்றேன். ஒரு கண் திறந்தது. நான் என் கண்கள் இரண்டையும் மூடிக்கொண்டேன். பிறகு மெல்லிய கத்தியால் பின்மூடியைத் திறந்தார். பூதக்கண்ணாடியில் உள்ளே பார்த்தார். கூட்டின் ஓரத்தை உரைகல்லில் ஒரு இழை இழைத்து, திராவகம் ஒரு சொட்டு விட்டார். பத்தேகால் ஆகிவிட்டது. மாரிமுத்து தகரப்பெட்டியைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தான்.

"முன்கூடு தங்கம்" என்றார் முதுகு சார்.

மாரிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சூப்பரின்டென்டென்ட் பேனாவைத் திறந்தார்.

"அவசரப்படாதீங்க. பின்மூடி எஃகு. கூடு முழுக்க, முதுகு உட்பட, தங்கமா இருந்தாத்தான் அந்த வகுப்பு. தீர்வைப் புத்தகத்தப் பாருங்க. இது சாதாரணக் கடிகாரம்."

"முக்கால்வாசி தங்கம்தானேய்யா?"

"முக்கால்வாசிக்கு வகுப்பு இல்ல சார்."

புத்தகத்தைப் பார்த்தார்கள். அந்த வரி அங்கே இருந்தது. எத்தனை வருஷமாக நாங்கள் தலைக்கு வைத்துத் தூங்கிய புத்தகம்! முதுகு சார் ஒரு சீட்டு எழுதினார்: 'கூட்டின் முன்பாகம் தங்கம். பின்மூடி எஃகு. ஆகவே சாதாரணக் கடிகாரம்.' கையெழுத்துப் போடுமுன் மூன்று முறை படித்தார், வழக்கம்போல. பிறகு என்னைப் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீ கொண்டுபோயி விடு. முத்து முத்தா எழுதினது நீதானே?"

சைக்கிளில் முன்னால் பெட்டி, பின்னால் மாரிமுத்து, நடுவில் என் பாவம். மூன்றையும் மிதித்துக்கொண்டு போனேன். கிளம்பிவிட்ட பஸ்ஸை ரயில்வே கேட் நிறுத்தி வைத்திருந்தது. இல்லாவிட்டால் மன்னார்குடி வரைக்கும் மிதித்திருப்பேன், அவ்வளவு பயம்.

அறுவடை முடிந்து மாரிமுத்து வந்தான். முதுகு சார் ஒரு கடிகாரத்தைக் கன்னத்தில் வைத்திருந்தார். நாங்கள் சுற்றி நின்றோம்.

"மிராசுதாரு வக்கீலு என் கையப் புடிச்சுத் தூக்கிட்டாருங்கய்யா. 'தங்கக் கடிகாரம் கட்டினவன் குத்தகைக்காரனா? இவன் சிங்கப்பூர் மொதலாளி'ன்னாரு. நான் ஒங்க சீட்ட எடுத்து நீட்டினேன். 'சாதாரணக் கடிகாரம்னு சர்க்காரே எழுதியிருக்கே'ன்னு தாசில்தாரு சிரிச்சுட்டாரு. அப்புறம் பக்கத்து வயக்காரங்க சாட்சி சொன்னாங்க. அப்பா பேரு ஏறிடுச்சுங்க."

முதுகு சார் கண்ணைத் திறந்தார். "முன்பாகம் தங்கம்னு மேல எழுதியிருந்தேனே. தாசில்தார் அத வாசிக்கலையா?"

மாரிமுத்து நெளிந்தான். "அந்த வரி மேல கட்டைவிரல வச்சிக்கிட்டேங்க."

போச்சு என்று நினைத்தேன். தான் எழுதிய ஒரு எழுத்தை மறைத்தவனை அவர் என்ன செய்வாரோ! தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. எப்படிச் சிரிப்பது என்பதே அவருக்குப் பழக்கமில்லாமல் சற்று இருமினார்.

அவர் கையிலிருந்த கடிகாரத்தை நான் வாங்கி, புரட்டி, அவர் எழுத வேண்டிய வகுப்பைத் தயங்கித் தயங்கி நானே எழுதி, தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். வாசல்வரை போய்விட்ட மாரிமுத்துவையே பார்த்தபடி, தாளைப் பார்க்காமலே முதுகு சார் கையெழுத்துப் போட்டார்.

அவசரமாக அதை எடுத்துக்கொண்டு போய், அன்று சாயங்காலம்வரை நான்தான் மூன்று முறை, முப்பது முறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.