ஸ்ட்ரிங் கிளாஸ் சாகடித்த சொந்தக்காரங்க

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. என் கல்யாணப் பத்திரிகைக் கவர்களுக்கு இங்கிலீஷ்ல விலாசம் அடிக்கணும்.

மத்த வீடுகள்ல நாலு பேர் உக்காந்து கை வலிக்க வலிக்க எழுதுவாங்க. எங்க வீட்டுல அந்தக் கஷ்டம் எதுக்கு? நான்தான் கம்ப்யூட்டர் இன்ஜினியராச்சே. மைசூர் மண்டி மொஹல்லாவுல, வெங்காயக் கடைக்கு மாடியில இருந்த ஒரு குட்டி கம்பெனியில சி ப்ளஸ் ப்ளஸ்ல ப்ரோக்ராம் எழுதிட்டிருந்தேன். தொண்ணூறுகளோட கடைசி அது. கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுன்னா தெருவே திரும்பிப் பார்க்கும். நானும், நல்லாப் பார்க்கட்டும்னு மெதுவா நடப்பேன்.

மாப்பிள்ளை ரவிக்குத் தமிழ்நாட்டு எல்லையோரத்துல இருக்கிற ராமாபுரம். அவரோட அம்மா எங்கப்பாகிட்ட சொன்னாங்க, "பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சதுதானுங்களே, எங்க பக்கத்துக் கவரையும் அதுவே அடிச்சுப் போடட்டுமுங்க."

வருங்கால மாமியார் வைக்கிற முதல் பரீட்சை. விடுவேனா?

எங்கப்பா ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆனவர். எதையும் முறையா செய்யணும் அவருக்கு. வீட்டுப் பெரியவர் உயிரோட இருந்தா, 'ஸ்ரீ இன்னார், குடும்பத்துடன்'. தவறிப் போயிருந்தா, 'லேட் ஸ்ரீ இன்னார் குடும்பத்தாருக்கு'. அதுக்காக, விலாசப் பட்டியல்ல தவறிப் போனவங்க பேருக்கு முன்னாடி ஒரு நட்சத்திரம் போட்டுக் குடுத்தார்.

"ஏம்ப்பா நட்சத்திரம்?"

"மேல போயிட்டாங்க இல்ல?"

ப்ரோக்ராம் எழுதினேன். பேர்ல நட்சத்திரம் இருக்கான்னு பாரு. இருந்தா லேட், இல்லேன்னா குடும்பத்துடன். அச்சடிக்கிறப்போ நட்சத்திரத்தை எடுத்துடு. அவ்வளவுதான். சி ப்ளஸ் ப்ளஸ்சுக்கு முந்தின பழைய சி பாணியில எழுதி ஓட்டிப் பார்த்தேன். தங்கமா வேலை செஞ்சுது.

அங்கேயே நிறுத்தியிருக்கணும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்.

அந்த வாரம்தான் ஆபீசுக்குப் புது கம்பைலர் வந்திருந்தது. அதுல, பேர், விலாசம் மாதிரி எழுத்துகளைக் கையாள ரெடிமேடா, ஸ்டாண்டர்ட் லைப்ரரியோட ஸ்ட்ரிங் கிளாஸ் இருந்தது. அதுவரைக்கும் ஒரு பேருக்கு எத்தனை எழுத்து இடம் வேணும்னு நாமதான் கணக்குப் பண்ணி ஒதுக்கணும். ஒரு எழுத்து கூட வந்தா ப்ரோக்ராம் படுத்துக்கும். இந்த ஸ்ட்ரிங் கிளாஸ் எல்லாத்தையும் தானே பார்த்துக்குமாம். எதையாவது தேடணும்னா 'ஃபைண்ட்'னு ஒரு வார்த்தை போதுமாம்.

என் கல்யாணக் கவருக்குப் பழைய பாணியா? நாளைக்கு யாராவது என் ப்ரோக்ராமைப் பார்த்தா என்ன நினைப்பாங்க? (இன்னிக்கு வரைக்கும் யாரும் பார்க்கலை.) உக்காந்து மொத்தத்தையும் ஸ்ட்ரிங் கிளாசுக்கு மாத்தினேன். மாத்தின அழகுல மயங்கி, ஓட்டிப் பார்க்காம நேரா ஸ்டிக்கர் பேப்பர்ல பிரிண்ட் குடுத்துட்டேன்.

ஒட்டறதுக்கு ஆபீஸ் சிநேகிதி சுமா வந்தா. கன்னடக்காரப் பொண்ணு. கொஞ்ச நேரம் ஒட்டிட்டு மெதுவா கேட்டா, "ஏனே, நிம்ம கடே ஜன எல்லா ஹோகிபிட்டிதாரா?" உங்க பக்கத்து ஆளுங்க எல்லாரும் போயிட்டாங்களான்னு கேக்கறா.

நான் ஸ்டிக்கர் கோணாம ஒட்டறதுல குறியா இருந்தேன். "வயசானவங்க ஜாஸ்திடீ. பழைய குடும்பம்."

சுமா என் தோளைத் தட்டிக் குடுத்தா. பாசக்காரின்னு நினைச்சுக்கிட்டேன்.

கவரெல்லாம் தபால்ல போச்சு. ரெண்டு மூணு நாள் கழிச்சு ஆபீசுக்கு ஒரு போன். ரவியோட அம்மா.

"அம்மிணி, எங்கண்ணனுக்கு நீ என்னத்த எழுதிப் போட்டே?"

அவங்க அண்ணன் சண்முகம் மாமா. ராமாபுரத்துக்குப் பக்கத்துல கௌதள்ளியில புளி வியாபாரம். இதய ஆபரேஷன் பண்ணிட்டு அப்பத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். ரவிக்குத் தாய்மாமன். அவர் சீர் கொண்டு வந்து நிக்காம அவங்க வீட்டுல தாலி ஏறாது.

"லேட் சண்முகம் குடும்பத்தாருக்குன்னு போட்டிருக்குதே. அண்ணன் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கறாரு. போஸ்ட்மேன் கவரைப் படிச்சுட்டு, அவரை ஏற இறங்கப் பாத்துட்டு, உள்ள போயி எங்க அண்ணிகிட்டக் குடுத்திருக்கறான்."

விலாசப்படி சரியாத்தான் குடுத்திருக்கார்.

"ஊரெல்லாம் சகுனம் செரியில்லைங்கறாங்க அம்மிணி. இனி அண்ணன் என்ன சொல்றாரோ அதுதான். வேண்டாம்னுட்டா வேண்டாம்தான்." போனை வெச்சுட்டாங்க.

பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே ரவியை எனக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு. அவர் கையை விட்டுப் போயிடுவாரோன்னு நினைச்சதும் அழுகை முட்டிக்கிட்டு வந்தது. அழுதுக்கிட்டே ப்ரோக்ராமைத் திறந்தேன்.

விஷயம் இதுதான். பழைய சி-யில தேடினா, இருந்தா 'ஆமாம்', இல்லேன்னா 'இல்லை'. நான் அதே நினைப்புல ஸ்ட்ரிங் கிளாஸ்கிட்டயும் கேட்டுட்டேன். அதுவோ ஆமாம், இல்லைன்னு பேசாது. எந்த இடத்துல இருக்குன்னு நம்பரா சொல்லும். முதல் எழுத்தே நட்சத்திரம்னா, பூஜ்யம். நட்சத்திரமே இல்லேன்னா, மலை மாதிரி ஒரு பெரிய நம்பர். கம்ப்யூட்டருக்குப் பூஜ்யம்னா 'இல்லை'. மத்த எந்த நம்பரா இருந்தாலும் 'ஆமாம்'.

அதாவது, உயிரோட இருந்த அத்தனை பேரையும் நான் சாகடிச்சிருக்கேன். செத்தவங்களைக் குடும்பத்தோட கல்யாணத்துக்கு வரச் சொல்லியிருக்கேன்.

வீட்டுக்குப் போனா அப்பா போனும் கையுமா இருந்தார். அந்தப் பக்கம் ஒண்ணுவிட்ட பெரியம்மா பேசிட்டிருந்தாங்க. பெரியப்பா தவறிப் போய்ப் பல வருஷமாகுது. "ஏம்ப்பா, அவரையும் கூட்டிட்டு வரணும்னு போட்டிருக்கே. படத்தைக் கழட்டிக் கொண்டு வரட்டுமா?"

அப்பா என்னைப் பார்த்த பார்வையில எனக்கும் ஒரு நட்சத்திரம் போட்டுட்டார்.

மறுநாள் நாங்க மன்னிப்புக் கேக்கக் கௌதள்ளிக்குக் கிளம்பறதுக்குள்ள, வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னுது. சண்முகம் மாமா இறங்கினார். ஒரு கையில கம்பு. இன்னொரு கையில அந்தக் கவர்.

அப்பா வாசலுக்கு ஓடினார். "வாங்க, வாங்க. உடம்பு எப்படி..." பாதியில நிறுத்திட்டார். எந்தக் கேள்வி கேட்டாலும் தப்பாத்தான் இருக்கும்.

மாமா உக்காந்து தண்ணி குடிச்சார். என்னைக் கூப்பிட்டார். "இது எப்படி ஆச்சுன்னு சொல்லு, அம்மிணி."

சொன்னேன். பூஜ்யம், பெரிய நம்பர், ஆமாம், இல்லை, எல்லாம். ஆபீஸ்ல மேனேஜருக்குக்கூட நான் இவ்வளவு பயந்து விளக்கினதில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அப்போ நான் நெசமாலுமே செத்திருந்தா, உன்ற மெசினு என்ன எழுதியிருக்கும்?"

"ஸ்ரீ சண்முகம், குடும்பத்துடன்னு எழுதியிருக்கும் மாமா."

கவரைத் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இதே தேவலை."

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரலை.

"என்ற தம்பி ஒருத்தன் ராமாபுரத்துல இருக்கறான். வரப்புத் தகராறு. அவனும் நானும் பேசி எத்தனையோ வருசமாச்சு. ஆபரேசனுக்குக்கூட எட்டிப் பாக்கல. இந்தக் கவரு சேதி பஸ்சுல போயி அவன் காதுல விழுந்துருக்குது. நேத்துக் காலைல தெருமுனையில இருந்தே மாரடிச்சுக்கிட்டு, பெரிய மாலையோட ஓடியாறான். நான் கூடத்துல உக்காந்து களி தின்னுக்கிட்டு இருக்கறேன்."

"அப்புறம்?" எங்கப்பா தன்னையறியாம கேட்டுட்டார்.

"மாலையை என்ன பண்றதுன்னு தெரியாம நின்னான். அதைக் கீழ வெச்சுப்போட்டுச் சாப்பிட வாடான்னேன். என் மடியில விழுந்து அழுதான்." மாமா துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "கல்யாணம் அதே தேதியிலதான். சீரு நாங்க அண்ணன் தம்பி ரெண்டு பேருமாக் கொண்டாறோம்."

நான் சட்டுனு அவர் கால்ல விழுந்தேன். எல்லாரும் மரியாதைன்னு நினைச்சாங்க. உண்மையில அழற மூஞ்சியை மறைக்கத்தான் விழுந்தேன்.

கல்யாணம் நடந்தது. சண்முகம் மாமாவும் தம்பியும் சீர்த்தட்டோட முன்னால வந்தாங்க. வழக்கமா தபால்ல கூப்பிட்டா பாதிப் பேர் வரமாட்டாங்க. எங்க கல்யாணத்துக்கு ஒருத்தர் பாக்கியில்லாம வந்தாங்க. கௌதள்ளிக்காரங்க, ராமாபுரத்துக்காரங்க, அப்பாவோட ரயில்வே சிநேகிதங்க, எல்லாரும். வந்தவங்க சும்மாவும் உக்காரலை. மேடைக்கு வந்து, எனக்கு முன்னால நெஞ்சை நிமிர்த்தி நின்னு, நல்லா மூச்சு விட்டுக் காட்டிட்டுத்தான் பந்திக்குப் போனாங்க.

ரெண்டாவது பந்தியிலயே சாதம் தீர்ந்து போச்சு. அப்பா வேர்க்க விறுவிறுக்க மேடைக்கு வந்து என் காதுல சொன்னார்.

"இத்தனை பேர் உயிரோட இருப்பாங்கன்னு நினைச்சு அரிசி வாங்கலைம்மா."